பக்கம், வரி, பிழை, திருத்தம்



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வுக்காலச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு என்று உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன். இன்றைக்குக் கணிப்பொறி மொழிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். "கணக்குப்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஒரு தொலைபேசி அழைப்புதான் காரணம்.

இங்கே நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு நான் பொருளாளர். சம்பளம் இல்லாத உத்தியோகம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நன்கொடை கொடுத்தவர்களுக்கு ரசீதுக் கடிதம் அனுப்ப வேண்டும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் வரிச் சலுகை கேட்பதென்றால் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டு வருமான வரி விதி. மார்ச் மாதம் ஆண்டு விழா. விழா மலரின் கடைசிப் பக்கத்தில் அதே நன்கொடையாளர்களின் பெயர்கள் அச்சாகும்.

முன்பெல்லாம் இதைக் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊர் நூலகத்தில் பைத்தான் என்ற கணிப்பொறி மொழிக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாத மொழி. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். அதனால்தான் திறந்த மூல மொழி என்கிறார்கள். வகுப்பில் என் வயதுக்காரர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். கற்றுக்கொண்டதை வைத்து ஐம்பது வரிக்கு ஒரு நிரல் எழுதினேன். வங்கியிலிருந்து இறக்கிய பட்டியலை அது வரிவரியாகப் படிக்கும், ஆளுக்கொரு கடிதம் அச்சடிக்கும், மலருக்குப் பெயர்ப் பட்டியலும் தரும். எனக்கு ஏக பெருமை.

ஆண்டு விழா முடிந்த மறுநாள் மாலை ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். மகன் வீட்டில் இருக்கிறார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. நான் குடுத்த செக்கு வந்து சேந்துச்சுங்களா?"

"வந்ததே ஐயா. டிசம்பரிலேயே வங்கியில் போட்டுவிட்டேனே" என்றேன்.

"அப்பச் சரிங்க. மலர்ல அவ பேரைத் தேடிப் பார்த்தேன். கண்ணு சரியாத் தெரியலையோன்னு பேத்தியையும் பாக்கச் சொன்னேன். இல்லைன்னுட்டா. அதான், பணம் வரலையோன்னு நெனச்சுட்டேன்."

முந்தைய ஆண்டு காலமான தம் மனைவியின் நினைவாக அவர் 1,000 டாலர் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் பெயர் மலரில் வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. பெயரும் வரவில்லை. ஜனவரிக் கடிதமும் அவருக்குப் போகவில்லை. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அன்றிரவு நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வங்கிப் பட்டியலில் 62 வரிகள். அச்சான கடிதங்கள் 54. மீதி 8 எங்கே? ஒன்று, பட்டியலின் அடியில் இருந்த வெற்று வரி. மற்ற ஏழும் மனிதர்கள். ஏழு பேரும் ஆயிரமும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள். அதிகம் கொடுத்தவர்களாகப் பொறுக்கி எடுத்து விட்டிருக்கிறது என் நிரல்!

காரணம் ஒரு காற்புள்ளி. வங்கி 300 டாலரை 300.00 என்று எழுதுகிறது. ஆயிரத்தை 1,000.00 என்று காற்புள்ளி இட்டு எழுதுகிறது. நமக்கு இரண்டும் எண்கள். பைத்தானுக்குக் காற்புள்ளி உள்ளது எண் அல்ல, வெறும் எழுத்துக் கோவை. "இதை எண்ணாக மாற்ற முடியவில்லை" என்று பிழை சொல்லி நின்றுவிடும். அப்படி நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏன் நிற்கவில்லை?

நான்தான் நிற்கவிடாமல் செய்திருந்தேன். ஜனவரியில் முதல்முறை ஓட்டியபோது, பட்டியலின் அடியில் இருந்த அந்த வெற்று வரியில் நிரல் நின்றது. திரை முழுக்க எனக்குப் புரியாத ஆங்கிலம். இரவு பதினொரு மணி. எங்கோ பார்த்த ஒரு வைத்தியத்தைப் போட்டேன். 'எக்செப்ட்' என்று ஒரு வரி, 'பாஸ்' என்று அடுத்த வரி. என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று பொருள். நிரல் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. 54 கடிதம் அச்சாகி வந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன். வெற்று வரிக்குப் போட்ட வாய்ப்பூட்டு, ஏழு மனிதர்களுக்கும் சேர்த்து விழுந்துவிட்டது.

வணிகவியல் படித்தவர்களுக்குப் 'பிழைத் திருத்தம்' என்ற பாடம் நினைவிருக்கும். விடுபிழை, செய்பிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என்று வகை பிரித்துப் படித்தோம். இருப்பாய்வு, அதாவது ட்ரையல் பாலன்ஸ், எல்லாப் பிழையையும் காட்டிக்கொடுக்காது என்றும் படித்தோம். ஒரு நடவடிக்கையைப் பற்றும் எழுதாமல் வரவும் எழுதாமல் அடியோடு விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒத்துத்தான் போகும். முழு விடுபிழை அப்படிப்பட்டது. முப்பது வருடம் மற்றவர்களின் புத்தகத்தில் அதைத் தேடிப் பிடித்தவன், என் நிரலுக்குள் நானே அதை உண்டாக்கி வைத்திருந்தேன்.

பிழையை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று கணிப்பொறிக்காரர்கள் யோசித்ததே இல்லையா என்று தேடினேன். அந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

78ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு மரே ஹில் தெரிந்திருக்கும். பெல் ஆய்வுக்கூடம் இருந்து புகழ்பெற்ற இடம். 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை அங்கேதான் தொடங்கினார்கள். சி என்ற கணிப்பொறி மொழி பிறந்ததும் அங்கேதான். 1970களில் அங்கே ஓர் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் இருந்தது. எழுத்துகளை ஒளியால் புகைப்படத் தாளில் பதிக்கும். அந்த நீளத் தாளை நாற்றமடிக்கும் ரசாயனப் பொறிக்குள் கவனமாகச் செலுத்திச் சில நிமிடம் காத்திருந்தால்தான் எழுத்து தெரியும்.

அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு பிற்பகல் பலருக்கும் ஒரே அனுபவம். கட்டுரையை அனுப்பி, தாளைக் கழுவி, காத்திருந்து பார்த்தால், அழகான அச்செழுத்தில் ஒரே ஒரு வரி. இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி! அதுவரை நிரலின் விடையும் பிழையும் ஒரே வாய்க்காலில்தான் போய்க்கொண்டிருந்தன. விடையை அச்சு இயந்திரத்துக்குத் திருப்பினால் பிழையும் கூடவே அங்கே போய்விடும். ஆள் உட்கார்ந்திருப்பதோ முனையத்துக்கு முன்னால். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு கேட்க வேண்டியவர் காதில் விழுந்தது. இரண்டொரு நாளில் பிழைக்கென்று தனி வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். விடைக்கு 1, பிழைக்கு 2 என்று எண். லினக்ஸ், மேக் என்று யூனிக்ஸைப் பின்பற்றி வந்த கணிப்பொறிகளில் இன்றும் அதே ஏற்பாடுதான்.

கணக்காளன் கண்ணுக்கு இது நன்றாகவே விளங்குகிறது. சரக்கு ஒரு வழியில் போகட்டும், புகார் வேறு வழியில் வரட்டும். புகாரை மூட்டைக்குள் வைத்துக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது.

அதே ஸ்டீவ் ஜான்சன் 1970களின் பிற்பகுதியில் 'லின்ட்' என்றொரு கருவி எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சி மொழி நிரல்களை ஓட்டிப் பார்க்காமலே படித்து, சந்தேகமான இடங்களைச் சுட்டிக் காட்டும். ஒரு நிரல்பாகம் பதில் சொல்கிறது, கூப்பிட்டவர் அந்தப் பதிலை வாங்காமலே போகிறார் என்றால் அதையும் சொல்லும். சி மொழியில் 'வேலை நடக்கவில்லை' என்பதும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும். தணிக்கையாளர் செய்கிற வேலை இதுதான். வவுச்சர் இருக்கிறது, எதிரில் கையெழுத்து இல்லையே என்று கேட்பது.

அங்கிருந்த கென் தாம்சனும் ராப் பைக்கும் பிற்காலத்தில் கூகுளுக்குப் போனார்கள். ராபர்ட் கிரீசெமர் என்பவரோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய 'கோ' என்ற மொழி, 2009 நவம்பரில் திறந்த மூலமாக வெளிவந்தது. அதில் ஒரு நிரல்பாகம் விடையையும் பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே தருவது வழக்கம். விடையை வாங்குகிறவர் பிழையையும் கையில் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு இட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'பிழை உண்டா?' என்று கேட்டுக் கேட்டு எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்று புகார் கிளம்பியது. அதைச் சுருக்க 2019இல் ஒரு திட்டம் வைத்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். பல யோசனைகள் வந்து போன பிறகு, 2025 ஜூனில், இதற்காக மொழியின் இலக்கணத்தை மாற்றும் முயற்சியை நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். இரட்டைப் பதிவுக் கணக்கும் அலுப்பான வேலைதானே? அந்த அலுப்பில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அலுப்புக்குப் பயந்து நான் போட்ட இரண்டு வரி என்ன செய்தது என்று பார்த்தோமே.

என்மேலேயே எல்லாப் பழியையும் போட்டுக்கொள்ளவும் மனமில்லை. அன்றிரவு திரையில் வந்த செய்தி எனக்குப் புரிந்திருந்தால் நான் அதன் வாயை அடைத்திருக்க மாட்டேன். பிழையைச் சொன்னால் மட்டும் போதாது, கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில்தான் அண்மைக் காலத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது.

பைத்தானை உருவாக்கியவர் ஹாலந்துக்காரரான கீடோ வான் ரோசம். முதல் வெளியீடு 1991இல் வந்தது. முப்பது வருடமாக அதில் ஒரு குறை இருந்தது. ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பல நேரம் பிழை அடுத்த வரியில் இருப்பதாகக் காட்டும். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். தொடக்கநிலை மாணவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நிரலைப் படிக்கும் உள்பகுதி, அடுத்து வரும் ஒரு சொல்லை மட்டுமே எட்டிப் பார்க்கும் பழைய முறையில் இருந்தது ஒரு காரணம்.

2020 அக்டோபரில் வந்த 3.9 பதிப்பில் அந்த உள்பகுதியையே புதிதாக எழுதினார்கள். கீடோவும் பாப்லோ கலிண்டோ சல்காதோ, லிசாண்ட்ரோஸ் நிகோலாவு ஆகியோரும் அதில் முன்னின்றார்கள். அடித்தளம் மாறியதும் 2021இல் வந்த 3.10 பதிப்பில் பிழைச்செய்திகளைச் சீர்திருத்தினார்கள். 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று, திறந்த இடத்தையே காட்டியது. பெயரைத் தப்பாக அடித்தால் 'இதைச் சொல்ல வந்தீர்களா?' என்று சரியான பெயரை எடுத்துக் கொடுத்தது. 2022இன் 3.11 பதிப்பு, நீண்ட வரியில் எந்தத் துண்டில் தகராறு என்று அடியில் கோடு போட்டுக் காட்டியது.

இந்த எண்ணம் பைத்தானோடு நிற்கவில்லை. எல்ம் என்ற மொழியை உருவாக்கிய எவன் சாப்லிக்கி, பிழைச்செய்தி மனிதருக்குப் புரிய வேண்டும் என்று 2015இல் விரிவாக எழுதினார். மோசில்லாவின் ஆதரவில் வளர்ந்த ரஸ்ட் மொழிக்காரர்கள் அதைப் பார்த்து, 2016இல் தங்கள் பிழைச்செய்திகளின் அமைப்பையே மாற்றினார்கள். திறந்த மூலத்தில் உள்ள வசதி இது. குழப்பமான செய்தி கண்ணில் பட்டால் பயனாளரே முறையிடலாம், தெரிந்தவர் தாமே திருத்தி அனுப்பலாம்.

இதையெல்லாம் படித்தபோது என் தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் காலத் தமிழ்ப் புத்தகங்களில் முதலிலோ கடைசியிலோ 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாள் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள். சில வீடுகளில் படிக்கத் தொடங்கும் முன்பே பென்சிலை எடுத்து எல்லாத் திருத்தத்தையும் உள்ளே குறித்துக்கொள்வார்கள். பதிப்பாசிரியருக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பிழை எங்கே, என்ன, எப்படித் திருத்துவது என்று வாசகர் கையில் கொடுத்துவிட்டார். ஒரு நல்ல பிழைச்செய்தியில் இருக்க வேண்டியதும் இந்த நான்கு பத்திகள்தான்.

தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழி இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கினார். 2009இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது, 2013இல் திறந்த மூலமாக வெளியிட்டார். பைத்தானைக் கொண்டே கட்டப்பட்ட மொழி. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிப்பிக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை நிரல் எழுதலாம் என்பது இதன் நோக்கம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அதிகம் தேவைப்படுவது நிரல் ஓடும்போது அல்ல, நிற்கும்போது. அப்போது பேசத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிழையை வகை பிரித்துச் சொல்லும் சொற்கள் நம் வணிகவியல் பாடநூலிலேயே இருக்கின்றன. திறந்த மூலக் கருவிகளுக்கு உதவ விரும்பும் நம் பிள்ளைகள் தமிழில் நல்ல பிழைச்செய்திகள் எழுதிக் கொடுத்தாலே பெரிய தொண்டு.

என் நிரலுக்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த வாய்ப்பூட்டை எடுத்தேன். எண்ணாக மாற்றும் முன் காற்புள்ளியை நீக்கச் செய்தேன். அதற்கும் மேல் படிக்க முடியாத வரி வந்தால், வரி எண்ணையும் காரணத்தையும் எழுதித் தனிப் பட்டியலில் போடச் சொன்னேன். நம் அனாமத்துக் கணக்குப் போல. அனாமத்தில் வைப்பது தப்பில்லை, அதை மூடாமல் ஆண்டை முடிப்பதுதான் தப்பு. கடைசியாக ஒரு சோதனை. படித்த வரிகள் எத்தனை, கடிதம் எத்தனை, அனாமத்தில் எத்தனை, மொத்தத் தொகை வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துவராவிட்டால் ஒரு கடிதம்கூட அச்சாகாது.

ஏப்ரல் 15க்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஏழு பேரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், கடிதம் அனுப்பினேன். பிறகு மலருக்கு ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தோம். அதே நான்கு பத்திகள். ஏழு பெயர்களும் அதில் வந்தன. பெரியவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியின் பெயரைப் படித்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். சீட்டை மலருக்குள் வைத்து மூடிவிட்டு, "காப்பி சாப்பிடுங்க தம்பி" என்றார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். "நான் கூப்பிட்டுக் கேட்டது நல்லதாப் போச்சுங்க. கேக்காம விட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்காதே" என்றார்.

உண்மைதான். மற்ற ஆறு பேர் கேட்கவில்லை. மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ!

நேயர்களே, சங்கக் கணக்கோ, கோயில் கணக்கோ, வீட்டுக் கணக்கோ, ஏதாவது ஒரு சிறிய நிரலையோ விரிதாளையோ நம்பி நடத்துகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இன்று இரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இடித்தால் காரணம் தெரியும்வரை விடாதீர்கள். நிரல் எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எங்கேயாவது பிழையின் வாயை அடைத்திருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரிக் கணக்கோடு வருகிறேன்.